ஆறாம் நம்பர் எழுதிய சீட்டு

"செத்துப்போனவர் ஒருத்தர் போன வாரம் எனக்கு எழுதியிருக்கார்" என்றார் வந்தவர்.

"கையெழுத்தாவது புரியுற மாதிரி இருக்கா?" என்று கேட்டேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு என்பதற்கு அவரிடம் நாலு பார்வைகள் உண்டு. இது இரண்டாவது.

எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தம் இரண்டே பேர். மேடம் காப்பீட்டுக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பொய்களைக் கண்டுபிடித்துக் கொண்டிருந்தவர். நான் தபால் நிலையத்தில் பதினெட்டு வருஷம் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவன். திறந்த தபால் அட்டைகளைப் படித்ததற்காக வேலை போயிற்று. படித்ததைக்கூட மன்னித்திருப்பார்கள், ஒன்றிரண்டுக்கு ஓரத்தில் பதில் எழுதியதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. அதனால் மேடம் என்னைக் கூப்பிடுவதே 'தபால்' என்றுதான்.

வந்தவருக்கு அறுபத்தெட்டு வயது இருக்கும். ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். சட்டைக் காலரில் குடை வடிவத்தில் ஒரு தகர பேட்ஜ், காதில் தட்டையான தச்சுப் பென்சில். மடியில் பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பார்சலை, தூங்குகிற குழந்தையை வைத்திருப்பதைப் போல வைத்திருந்தார்.

"ஒற்றைக்குடை துப்பறிகிறார். கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"பாக்கெட் நாவல் தானே? சின்ன வயசுல படிச்சிருக்கேன்" என்றார் மேடம்.

மனிதரின் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு இருபது நிமிஷம் அவரை நிறுத்த முடியவில்லை. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு நாவல்கள். ஒவ்வொன்றிலும் கடைசிப் பதினாறு பக்கங்களைக் காகிதப் பட்டையால் ஒட்டி விற்றார்கள். குற்றவாளி யாரென்று யோசித்து எழுதி அனுப்பிவிட்டுத்தான் பட்டையைக் கிழிக்க வேண்டும். சரியாகச் சொன்னவர்களுக்கு அந்தக் குடை பேட்ஜ் கிடைக்கும். பதிப்பகம் மூடி முப்பது வருஷமாகிறது. ஆனால் எட்டு ரசிகர்கள் மட்டும் விடவில்லை. பட்டை கிழியாத பிரதி ஒன்றை எடுத்து ஒரு பார்சலில் போட்டு, ஒருவர் மாற்றி ஒருவருக்குத் தபாலில் அனுப்புவார்கள். ஒவ்வொருவரும் படித்துவிட்டு, தன் நம்பர் போட்ட சீட்டில் குற்றவாளியின் பெயரை எழுதி வைப்பார். எட்டுச் சீட்டும் சேர்ந்து திரும்பி வந்தபின் செயலாளர் பட்டையைக் கிழித்து முடிவை எல்லோருக்கும் எழுதுவார். செயலாளர்தான் ஒன்றாம் நம்பர். அதாவது இவர்.

"மத்தவங்க பேர் என்ன?" என்றார் மேடம்.

"ரெண்டு, மூணு, நாலு, அப்படியே எட்டு வரைக்கும். பேர் தெரியாது, விலாசம் மட்டும் தெரியும். நேர்ல பார்த்ததே இல்லை. மூணாவது விதி, உறுப்பினர்கள் சந்திக்கக் கூடாது. சந்திச்சா யாராவது முடிவை உளறிடுவாங்க."

"இருபத்தெட்டு வருஷமா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம சிநேகிதமா?" என்றேன்.

"கல்யாணம் ஆனவங்க சில பேரைவிட எங்களுக்குள்ள ஒத்துப்போச்சு" என்றார் அவர், சிரிக்காமல்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன் அவர் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே கயிறு போட்டுக் கட்டிய ஒற்றைக்குடைக் கட்டு ஒன்று. முதல் பக்கங்களில் ஆறாம் நம்பரின் ரப்பர் முத்திரை.

"சேகரிக்கிறவன் உயிரோட இருக்கும்போது அது கடைக்கு வராது மேடம். வீட்ல கூரை ஒழுகினா நாங்க புத்தகத்துக்குக் குடை பிடிச்சுட்டு நனைவோம். ஆறு போயிட்டார்னு அங்கேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." பார்சலைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தார். "இது போன வாரம் சுற்று முடிஞ்சு வந்தது. ஆறாம் நம்பரோட சீட்டு இருக்கு. அதே கையெழுத்து, அதே பச்சை மை."

சீட்டில் ஒரே வார்த்தை: டாக்டர்.

"ஆறு எந்தக் கதையிலயும் டாக்டரைத்தான் சொல்வார். இருபத்தெட்டு வருஷத்துல ரெண்டு தடவை சரியா இருந்துச்சு. இந்தக் கதையில டாக்டரே கிடையாது. இருந்தாலும் சொல்லியிருக்கார்."

"அப்ப அவரேதான் எழுதியிருக்கார்" என்றேன். "செத்தாலும் புத்தி மாறலை."

மேடம் என்னைப் பார்த்தார். மூன்றாவது பார்வை.

"உங்களுக்கு என்ன தெரியணும்?" என்று அவரிடம் கேட்டார்.

அவர் சீட்டைப் பார்த்தபடியே சொன்னார். "ஒன்பதாவது விதி. உயிரோட இருக்கிற உறுப்பினர் அஞ்சு பேருக்குக் கீழ போனா வட்டம் கலையணும். ஆறு இருந்தா வட்டம் இருக்கு. இல்லைன்னா இல்லை. எனக்கு வேற தபால் எதுவும் வர்றதில்லை மேடம்."

எட்டுப் பேரில் ஒருவர் போனால் ஏழு பேர் மிச்சம் இருக்க வேண்டுமே, எப்படி வட்டம் கலையும் என்று எனக்குத் தோன்றியது. கேட்பதற்குள் மேடம் எழுந்துவிட்டார்.

"உங்க வீட்டைப் பார்க்கணும்."

லிஃப்ட் மெக்கானிக் நான்காவது மாடியில் இருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை.

"உங்க கைக்கு இது ஒரு மணி நேர வேலைதானே?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"வேற கம்பெனி லிஃப்ட்" என்றார் அவர், கொஞ்சம் அருவருப்போடு.

ஒரே ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். மற்ற இடமெல்லாம் ஒற்றைக்குடை. கடைகளில் தொங்கிய விளம்பரத் தட்டிகள், அட்டைப்படங்களின் மூலச் சித்திரங்கள், பேட்ஜ்கள் குத்திய வெல்வெட் பலகை. கண்ணாடி அலமாரியில் பட்டை கிழியாத பிரதிகள் பதினொன்று. மூலையில் உறை போட்ட தட்டச்சு இயந்திரம். சுவரில் இருந்த ஒரே குடும்பப் படத்தில் அவருடைய அண்ணன் குடும்பம் நின்றது. அதில் இவர் இல்லை. படம் எடுத்தவர் இவர்தானாம். எனக்கு அந்த அறையில் என் அறை ஞாபகம் வந்தது. என்னிடம் புத்தகங்கள்கூட இல்லை.

மேடம் எட்டுச் சீட்டையும் மேஜையில் வரிசையாக வைத்து நோட்டம் விட்டார். நான் பார்சலின் மேலுறையை எடுத்தேன். புதுச் சுற்றுக்குப் புது உறை. ஒவ்வொருவரும் அடுத்தவர் விலாசம் எழுதிய தாளைப் பழைய விலாசத்தின் மேலேயே ஒட்டி, தபால்தலையையும் அதன் மேலேயே ஒட்டுவது அவர்கள் வழக்கம். மேலே இருந்தது செயலாளரின் விலாசம். முத்திரை மை கலங்கி, தபால் நிலையத்தின் பெயர் தெரியவில்லை.

விலாசத்தின் மேல் கட்டை விரலை ஓட்டினேன். பதினெட்டு வருஷப் பழக்கம், விரல் சும்மா இருக்காது.

"மேடம், எட்டுக் கை மாறின பார்சல்னா இந்த இடம் அட்டை மாதிரி தடிச்சிருக்கணும். இது ரொம்ப மெல்லிசா இருக்கு."

"பிரிச்சுப் பாரு."

செயலாளர் பாய்ந்து வந்து உறையைப் பிடித்துக்கொண்டார். "பிரிக்கிறதா? இது நூத்திப் பத்தாவது நாவலோட சுற்று உறை. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு உறையைக்கூட நான் பிரிச்சதில்லை. அப்படியே பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு வச்சிருக்கேன்."

"அதனாலதான் யாரோ உங்களைச் சுலபமா ஏமாத்தியிருக்காங்க" என்றார் மேடம். "சேகரிக்கிறவங்க யாரும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்கன்னு இன்னொரு சேகரிக்கிறவங்களுக்குத் தெரியும். ஆறாம் நம்பர் இருக்காரா இல்லையான்னு தெரியணுமா, வேண்டாமா?"

அவர் வெகுநேரம் யோசித்தார். இன்னொருவர் பல் பிடுங்கக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்.

"ஒரே ஒரு தாள் மட்டும். மேல இருக்கிறது மட்டும்" என்றார்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியில் காட்டி, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அடியில எட்டாம் நம்பர் விலாசம் இருக்கணும், இல்லையா?" என்றார் மேடம்.

"ஆமா. அதுக்கு அடியில ஏழு, அதுக்கு அடியில ஆறு."

"இங்க அஞ்சாம் நம்பர் விலாசம் இருக்கு" என்றேன்.

அவர் திரும்பினார். நான் படித்த வேகத்தில் அதை அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. மேடம்தான் நிதானமாகச் சொன்னார். "பார்சல் அஞ்சாம் நம்பர்கிட்ட இருந்து நேரா உங்ககிட்ட வந்திருக்கு. நடுவுல யாருமில்லை. ஆறு, ஏழு, எட்டு, மூணு சீட்டையும் எழுதினது அஞ்சாம் நம்பர்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "ஏழுமா? எட்டுமா?"

அவர் விரல் விட்டு எண்ணினார். ஒரு தடவை எண்ணிவிட்டு, முதலிலிருந்து மறுபடி எண்ணினார். எனக்கு ஒரு ஜோக் வந்தது. சொல்லவில்லை. மேடம் பார்க்காமலே நான் வாயை மூடிய நாள் அது ஒன்றுதான்.

"தபால், இன்னொண்ணையும் உரி" என்றார் மேடம்.

"போதும் மேடம்." செயலாளர் சட்டென்று எழுந்தார். "ஒண்ணுதான்னு பேச்சு."

"இதுக்கு அடியில நாலாம் நம்பர் விலாசம் இருக்கணும். அதுக்கு அடியில மூணு, ரெண்டு. இருக்குமா?"

மேடம் அவர் காதிலிருந்த தட்டைப் பென்சிலை எடுத்து, மூன்றாம் நம்பரின் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தச் சீட்டு பென்சிலில், கோடு பட்டையாக விழும்படி எழுதப்பட்டிருந்தது. பிறகு மூலையிலிருந்த இயந்திரத்தின் உறையைத் தூக்கினார். நான்காம் நம்பரின் சீட்டு தட்டச்சில் இருந்தது.

"ரெண்டாம் நம்பர் இடது கையால எழுதினதா?" என்று கேட்டார்.

"பழகிக்கிட்டேன்" என்றார் அவர்.

நான் உரித்துப் பார்க்கவே தேவையில்லாமல் போயிற்று. ஐந்தாம் நம்பரின் விலாசத்துக்கு அடியில் வெறும் பழுப்புக் காகிதம்தான்.

"ரெண்டு போய் ஒன்பது வருஷம் ஆச்சு. மூணு போய் ஆறு வருஷம். நாலு ரெண்டு வருஷம் முன்னாடி" என்று சொல்லத் தொடங்கினார். "மத்தவங்க வருத்தப்படுவாங்கன்னுதான் எழுதினேன். வட்டத்தை நான் ஏமாத்தலை மேடம். நான், அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. உயிரோட அஞ்சு பேர் இருந்தோம். விதிப்படி சரியா இருந்துச்சு. ஆறு போனதும்தான் பயம். அவர் பேர்ல ஒரு சீட்டு வந்ததும், என் திருட்டு யாருக்கோ தெரிஞ்சு கேலி பண்றாங்கன்னு நினைச்சேன். ஒருவேளை ஆறு உயிரோட இருக்கலாம்னும் நினைச்சேன். ரெண்டையும் மாத்தி மாத்தி நினைச்சுட்டிருந்தேன்."

வந்தபோது அவருக்கு நாலு சிநேகிதர்கள் இருந்தார்கள். நாங்கள் ஒரு தாளை உரித்து மூன்று பேரைக் குறைத்துவிட்டோம்.

மறுநாள் காலை ஐந்தாம் நம்பரின் விலாசத்துக்குப் போனோம். அது ஒரு பெயர்ப்பலகைக் கடை. முன்னால் ஒரு இளைஞர் மெஷினில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். "பெரியம்மா உள்ள இருக்காங்க" என்று கையைக் காட்டினார்.

பின்னறையில், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே, எழுபது வயது அம்மா ஒருவர் வலது காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பில் குடை பேட்ஜ். நாற்பது வருஷம் ஏணி மேல் நின்று கடைப் பெயர்கள் எழுதியவர். எந்தக் கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தால் போதும், அப்படியே எழுதுவார்.

மேஜையில் மூன்று மைக்கூடுகள். அதில் ஒன்று பச்சை.

"ஆறாம் நம்பர் எப்ப தவறினார்?" என்றார் மேடம்.

அம்மா ஆச்சரியப்படவில்லை. நல்ல வாசகர், கடைசி அத்தியாயத்தில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

"நாலு மாசம். முதல்ல எட்டு போனார். அவர் சீட்டை ஏழு எழுத ஆரம்பிச்சார். ஏழு படுத்ததும் ரெண்டு பேரோட வேலையையும் ஆறுகிட்ட ஒப்படைச்சார். ஆறு ஆஸ்பத்திரியில இருந்து எனக்கு எழுதினார், 'இனி மூணு பேருக்கும் நீங்கதான், நான் டாக்டர் கையில இருக்கேன், அப்பவே சொன்னேன் பாத்தீங்களா' அப்படின்னு." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "விதிப்படி தப்பில்லை. செயலாளர், ரெண்டு, மூணு, நாலு, நான். அஞ்சு பேர் இருக்கோம். அவங்க நல்லா இருக்காங்கல்ல?"

மேடம் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். நாங்கள் உரித்த தாள் தனியாக இருந்தது. ஐந்தாம் நம்பரின் விலாசத்தை ஒரு ஓரத்தில் மட்டும் நான் காலையில் நெகிழ்த்தியிருந்தேன், செயலாளரின் சம்மதத்தோடு. அம்மா அந்த ஓரத்துக்குள் விரலை நுழைத்துத் தடவினார். வெறும் காகிதம்.

முன்னறையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மூணாம் நம்பருமா?" என்றார் கடைசியில்.

"ஆறு வருஷம் ஆச்சாம்."

"இல்லையே. ஒருதடவை ஏணியில இருந்து விழுந்ததால தாமதம்னு சீட்டுல எழுதியிருந்தேன். அதுல இருந்து ஒவ்வொரு சுற்றுலயும் மூணாம் நம்பர் ஓரத்துல எழுதுவார், 'ஐந்தாம் நம்பரின் முழங்கால் எப்படி இருக்கிறது?' அப்படின்னு. நான் விழுந்ததே நாலு வருஷம் முன்னாடிதானே." பேச்சு அங்கேயே நின்றது. துப்பறியும் கதை படித்தே வளர்ந்தவர். நாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"செயலாளர் யாரையும் சொந்தமா விசாரிக்கக் கூடாதுன்னு ஏதாவது விதி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஏழாவது விதி" என்றார் அம்மா. முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டார்.

நாங்கள் மதியம் செயலாளரின் நான்கு மாடியும் ஏறிப் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே பேட்ஜைத் துடைத்தார். வட்டம் கலைந்துவிட்டது, பதினொரு பிரதிகளையும் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்றார்.

"ஒரு பஸ் ஏறினா அவங்க வீடு. போய்ப் பாருங்களேன்" என்றார் மேடம்.

"மூணாவது விதி இருக்கே."

"கலைஞ்ச வட்டத்துக்கு ஏது விதி?"

"அதை அறிவிக்கிற வரைக்கும் விதி இருக்கு மேடம்." மனிதர் உடும்புப் பிடியாக இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"விதியை மாத்த வழி கிடையாதா?"

"பன்னிரண்டாவது விதி. எட்டுல அஞ்சு ஓட்டு வேணும்."

"உங்ககிட்டயே நாலு ஓட்டு இருக்கே சார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. செத்தவங்க ஓட்டு போடுறது உலகத்துல புதுசா என்ன? இன்னும் ஒண்ணுதான் குறையுது. அதை அவங்ககிட்ட கேளுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மேஜைக்குப் போய் நான்கு சீட்டுகளை எடுத்தார். வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று, பென்சிலால் ஒன்று, தட்டச்சில் ஒன்று. நான்கிலும் 'ஆம்'. பென்சில் சீட்டை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. வழக்கப்படி ஓரத்தில் அந்தக் கேள்வியையும் எழுதினார். நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்றேன். தபாலில்தான் போக வேண்டும் என்றார்.

ஆறு நாள் பதில் இல்லை. தினமும் ஏதாவது காரணம் வைத்துக்கொண்டு நான் அந்த நான்கு மாடியும் ஏறினேன். மேடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏழாவது நாள் தானும் வந்தார். நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தபோது தபால் வந்தது. நாலு பேர் ஓட்டையும் அவரே எடுத்து, சத்தமாகப் படித்தார்.

"எட்டாம் நம்பர்: இல்லை."

"ஏழாம் நம்பர்: பழக்கத்தை மாற்றுவது நல்லதல்ல என்று கருதுவதால், இல்லை."

"ஆறாம் நம்பர்: இல்லை. போகிற வழியில் டாக்டர் யாராவது இருக்கலாம்."

நாலுக்கு மூன்று. அவர் கடைசிச் சீட்டைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடம்தான் அதை வாங்கிப் பிரித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஐந்தாம் நம்பர்: ஆம்." கீழே இருந்ததை அவரால் படிக்க முடியவில்லை. எட்டிப் பார்த்து நான் படித்தேன். 'மூன்றாம் நம்பருக்கு: முழங்கால் பரவாயில்லை. ஏணி ஏற முடியாது. கதவு திறக்க முடியும்.'

ஓட்டுகளை மூன்று தடவை எண்ணினார். விதி புத்தகத்தை எடுத்து, மூன்றாவது விதியின் மேல் அடிக்கோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார், தேதி எழுதிக் கையெழுத்திட்டார். அப்புறம்தான் முகம் கழுவிக்கொண்டு சட்டை மாற்றினார். பட்டை கிழியாத நூற்றுப் பத்தாவது நாவலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வாசல் வரை போனவர் நின்றுவிட்டார்.

"மேடம், நான் அங்க யாரா போகணும்? ஒண்ணாம் நம்பராவா, மூணாம் நம்பராவா?"

"முழங்காலை விசாரிச்சவரா போங்க" என்றார் மேடம்.

அவர் தலையாட்டினார். மேஜைக்குத் திரும்பி வந்து, தச்சுப் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு படியிறங்கினார்.